'டீஸ்' என்ற ஒரு சொல்



கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு பெஞ்சு. மாலை ஐந்தரை மணிக்குப் பென்ஷன்காரர்கள் ஐந்து பேர் அங்கே கூடுவோம். எங்களில் ஒருவருக்குக் காது மந்தம். போன மாதம் மகன் காது மெஷின் வாங்கிக் கொடுத்தான். வந்தது வினை. இன்னொரு நண்பர் அவரைப் பார்த்து வாயை மட்டும் அசைப்பார், சத்தம் வராது. மனிதர் மெஷினைத் தட்டிப் பார்ப்பார், திருகிப் பார்ப்பார், கழற்றி ஊதிப் பார்ப்பார். நாங்கள் சிரிப்போம். நானும் சிரித்தேன், மறைப்பானேன்?

நாலாம் நாள் அவர் வரவில்லை. ஒரு வாரமாகியும் வரவில்லை. வாயசைத்த நண்பருக்கு ஒரே ஆச்சரியம். "சும்மா டீஸ் பண்ணினேன்யா! இதுக்குப் போய் யாராவது கோவிச்சுக்குவாங்களா?" என்றார்.

எனக்கு அந்தச் சொல்லோடு ஒரு பழைய கணக்கு பாக்கி இருக்கிறது. கணக்கைச் சொல்லுமுன் சொல்லின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

'டீஸ்' என்றால் இன்று கிண்டல் செய்வது, சீண்டுவது. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அதற்கும் கிண்டலுக்கும் சம்பந்தமே கிடையாது. ஏறக்குறைய 'டேசன்' என்று ஒலித்த அந்த வினைச்சொல்லுக்குப் பொருள், கம்பளி மயிரைப் பிய்த்துப் பிரிப்பது.

ஆட்டின் மேலிருந்து கத்தரித்த மயிர் நேரே நூலாகிவிடாது. எண்ணெய்ப் பிசுக்கும் மண்ணும் முள்ளும் சாணமும் ஒட்டி, சிக்கல் சிக்கலாகக் கட்டி தட்டிப்போயிருக்கும். அதை அலசிக் காயவைத்து, விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து உதிர்க்க வேண்டும். அந்த வேலைதான் 'டீஸ்'. பிறகு சீப்பு போட்டு வாரி, திரித்து, நெய்வார்கள். அந்த வேலை செய்தவர்களுக்கு அதுவே குடும்பப் பெயராகவும் ஒட்டிக்கொண்டது. இங்கிலாந்தில் 'டோசர்' என்று பெயர் உள்ளவர்களின் முன்னோர் கம்பளி பிய்த்தவர்கள். கலைந்த தலையை 'டவுசில்' ஆன தலை என்பார்களே, அந்தச் சொல்லும் இதற்கு நெருங்கிய சொந்தம்.

அதே வேரிலிருந்து ஒரு செடியின் பெயரும் வந்தது: 'டீசல்'. வண்டிக்கு ஊற்றும் டீசல் அல்ல. அது ஒரு ஜெர்மானியரின் பெயர். இது ஆள் உயரம் வளரும் முட்செடி. அதன் பூக்கொத்து காய்ந்தால் முட்டை வடிவத்தில், சுற்றிலும் கொக்கி கொக்கியாக முள்ளோடு நிற்கும். நெய்து முடித்த கம்பளித் துணியை ஈரத்தில் மிதித்து இறுக்கிய பின், இந்த முட்கொத்துகளை ஒரு சட்டத்தில் வரிசையாகப் பொருத்தித் துணிமேல் இழுப்பார்கள். துணியின் மயிர் மேலே எழும்பும். எழும்பிய மயிரைப் பெரிய கத்தரியால் சமமாக வெட்டினால் துணி வழவழவென்று ஆகிவிடும். முள்ளால் கீறித்தான் அந்த மென்மை வருகிறது.

இங்கிலாந்தில் சாமர்செட் பக்கத்திலும், பிரான்சின் தெற்கே ப்ரொவான்ஸ் பகுதியிலும் இந்த முள்ளை வயல் வயலாகப் பயிரிட்டார்கள். லண்டனில் துணி பதப்படுத்துவோரின் பழைய சங்கம் ஒன்று உண்டு. அதன் முத்திரைச் சின்னத்தில் இந்த முட்கொத்து இன்றும் இருக்கிறது. கையால் இழுத்த வேலையைச் செய்ய 'கிக் மில்' என்றொரு உருளை எந்திரம் வந்தது. ஆறாம் எட்வர்ட் மன்னர் காலத்திலேயே, 1551-52 வாக்கில், அதைத் தடை செய்து சட்டம் போட்டார்கள். தடையை மீறி எந்திரம் வந்தபோது 1802இல் வில்ட்ஷயர் தொழிலாளர்கள் ஆலைகளை எரித்துக் கலகம் செய்தார்கள். அந்தப் பழைய சட்டங்களை 1809இல் நாடாளுமன்றம் ஒரேயடியாக நீக்கிவிட்டது. ஒரு முள்ளுக்குப் பின்னால் இத்தனை பேருடைய சோறு இருந்திருக்கிறது.

'டீஸ்' என்பது மனிதரை நோகடிப்பது என்ற பொருளுக்கு நகர்ந்தது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அப்போதும் விளையாட்டுப் பொருள் இல்லை. சின்னச் சின்னதாகத் தொடர்ந்து தொந்தரவு கொடுப்பது என்றுதான் பொருள். கம்பளியை ஒரேயடியாகக் கிழிக்க மாட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்ப்பார்கள். மனிதரையும் அப்படித்தான். முள் மழுங்கி, 'சும்மா விளையாட்டுக்கு' என்ற பொருள் ஏறியது அதற்கும் பிறகு.

இது இந்த ஒரு சொல்லோடு நிற்கவில்லை. மேடையில் பேசுபவரைக் கூட்டத்திலிருந்து குறுக்கே கேள்வி கேட்டு மடக்குவதை ஆங்கிலத்தில் 'ஹெக்கில்' என்பார்கள். அதுவும் சீப்புதான். நாட்டு மருந்துக் கடையில் ஆளிவிதை வாங்குகிறோமே, அந்தச் செடியின் தண்டிலிருந்துதான் லினன் துணிக்கு நார் எடுப்பது. பலகையில் நீண்ட இரும்பு ஆணிகளை நட்டு, அதில் நாரை அடித்து இழுத்துச் சிக்கெடுப்பார்கள். அந்த ஆணிப் பலகையின் பெயர்தான் 'ஹெக்கில்'. ஸ்காட்லாந்தில் தேர்தலுக்கு நிற்பவர்களைப் பொதுமக்கள் நிற்கவைத்துக் கேள்வி கேட்பதற்கு இந்தப் பெயர் வைத்தார்கள். டண்டீ நகரத்து நார் சீவும் தொழிலாளர்கள் வாய்க்குப் பேர் போனவர்கள். ஒருவர் செய்தித்தாளை உரக்க வாசிக்க, மற்றவர்கள் வேலை செய்துகொண்டே வாதம் செய்வார்களாம். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ்கூட 1781இல் இர்வைன் ஊருக்குப் போய் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். வருடப் பிறப்புக் கொண்டாட்டத்தில் பட்டறை தீப்பிடித்து, அவருடைய நார்த் தொழில் அதோடு முடிந்தது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் கிண்டல் செய்வதற்கு 'தாக்கினே' என்ற சொல்லைத்தான் சிறு வயதில் கற்றோம். அது மென்மையான சொல். தூண்டில் போட்டு மீன் பிடிப்பதைக்கூட 'மீனைத் தாக்கினே பண்ணுவது' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அதன் மூலச்சொல் ஒரு காலத்தில் கருமியைக் குறித்தது. காசுக்குக் காசு வாதாடி உயிரை வாங்குபவன்தானே கருமி! ஒருவரைப் பிடித்து உலுக்கித் திட்டுவதற்கு 'உஸ்பியே' என்று இன்னொரு சொல் உண்டு. அதைப் பிரித்துப் பார்த்தால் மேலங்கி, வாருதல் என்ற இரண்டு பழைய சொற்கள். 'ஒருத்தன் சட்டைக்குச் சீப்பு போடுவது' என்று வைத்துக்கொள்ளலாம். ஜெர்மானியரும் விடவில்லை. ஆள் இல்லாதபோது ஊர் கூடி அவனைப் பற்றி வம்பு பேசுவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல்லுக்கு, ஆணிப் பலகையில் இழுத்தெடுப்பது என்று பொருள்.

நம் தமிழைப் பாருங்கள். பஞ்சை வில்லால் அடித்துப் பிரிப்பதைப் 'பன்னுதல்' என்றார்கள். சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்பவரை 'பன்னிப் பன்னிப் பேசுகிறார்' என்கிறோம், அதே சொல்தான். ஆனால் நம் முன்னோர் பஞ்சு வேலையிலிருந்து உயர்ந்த பொருளையும் எடுத்தார்கள். பனுவல் என்றால் பஞ்சிலிருந்து வரும் நூலும் ஆகும், புலவர் இயற்றும் நூலும் ஆகும். நன்னூலில் பவணந்தி முனிவர் புலவரை நூல் நூற்பவரோடு ஒப்பிட்டிருக்கிறார். கிண்டலுக்கு நாம் போன இடம் சமையற்கட்டு. அல்வா கிண்டுவதும் ஆளைக் கிண்டுவதும் ஒன்றுதான், அடியில் இருப்பதை மேலே கிளறிக் கொண்டுவருவது. 'கேலி' மட்டும் வடமொழியில் விளையாட்டு என்ற பொருளிலிருந்து வந்தது. இந்தக் கேலியால்தான் நான் ஒருமுறை கெட்டேன்.

1976ஆம் வருடம் என்று நினைவு. ஓர் அரசு அலுவலகத்தில் நான் இளநிலை எழுத்தர். துறையின் பெயர் வேண்டாம். புதுச்சேரி 1954இல் கைமாறி, 1962இல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. ஒப்பந்தப்படி பிரெஞ்சும் ஆட்சிமொழிதான். ஆனால் கோப்புகள் எல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டன. என்னைப் போன்ற பிரெஞ்சுப் படிப்புக்காரர்கள் மேசை இழுப்பறையில் அகராதி வைத்துக்கொண்டுதான் குறிப்பு எழுதுவோம். எங்கள் ஆங்கிலம் அலுவலகத்துக்கே பொழுதுபோக்கு. நான் 'அட்டெண்ட்' என்று எழுதினால் 'காத்திரு' என்று நினைத்து எழுதியிருப்பேன், பிரெஞ்சில் அப்படி. அதை நாலு பேர் சத்தமாக வாசித்துச் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்வது?

எங்கள் பிரிவில் ஒரு பெண் தட்டச்சர். அப்பா இறந்து, இரண்டு தம்பிகளைப் படிக்கவைத்துக்கொண்டிருந்தவர். இன்னொரு பிரிவின் சூப்பிரண்டு, வயதில் மூத்தவர், தினமும் ஏதாவது காரணம் சொல்லி அவர் மேசைக்கு வருவார். புடவையைப் பற்றி ஒரு பேச்சு, பூவைப் பற்றி ஒரு பேச்சு. பிறகு டிபன் பாக்ஸை ஒளித்து வைப்பது. பிறகு சாயங்காலம் பஸ் நிற்கும் இடம்வரை பின்னாலேயே நடப்பது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். சிலர் சிரித்தார்கள், சிலர் கோப்புக்குள் தலையைப் புதைத்துக்கொண்டோம். நான் இரண்டாவது வகை.

ஒருநாள் அவர் ஒரு வெள்ளைத் தாளில், தமிழில், ஒன்றரைப் பக்கம் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தார். அதிகாரி வடக்கத்திக்காரர், தமிழ் வாசிக்கத் தெரியாது. "ஆங்கிலத்தில் சுருக்கமாக நோட் போட்டு வை" என்று கோப்பு என்னிடம் வந்தது.

அந்தப் பெண் எழுதியிருந்த சொல் 'தொல்லை'. மூன்று இடத்தில் எழுதியிருந்தார். அதற்கு ஆங்கிலத்தில் என்ன போடுவது? 'ஹராஸ்' என்ற சொல் எனக்குத் தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்தது அதன் பிரெஞ்சு முகம். பிரெஞ்சில் 'அராஸே' என்றால் களைத்துப்போனவன். வெயிலில் நடந்து வந்த எங்கள் வாத்தியார் நாற்காலியில் விழுந்து தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சொல். ஆங்கிலத்துக்கு அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்துதான் போனது, போன இடத்தில் பொருள் மாறிவிட்டது. எனக்கோ பயம். 'சூப்பிரண்டு அந்தப் பெண்ணைக் களைப்படையச் செய்கிறார்' என்று எழுதிவிட்டால் அலுவலகமே சிரிக்குமே! அதனால் பத்திரமான சொல்லைத் தேடினேன். அகராதியில் 'தாக்கினே'க்கு நேரே 'டீஸ்' இருந்தது. மூன்று தொல்லைக்கும் மூன்று டீஸ் போட்டேன். பின்னால் நடந்து போனதையும் அதே வாக்கியத்தில் அடக்கிவிட்டேன். சுருக்கமாக என்றுதானே சொன்னார்கள்!

இரண்டு நாளில் கோப்பு திரும்பியது. ஓரத்தில் பச்சை மையில் அதிகாரியின் குறிப்பு. அலுவலகத்தில் இந்த மாதிரி வேடிக்கை சகஜம் என்றும், இருவருக்கும் அறிவுரை சொல்லிக் கோப்பை முடிக்கும்படியும் எழுதியிருந்தது. இருவருக்கும்! அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, 'சகஜமாக இருக்கப் பழகிக்கொள்' என்று அறிவுரை சொன்னார்கள்.

அவர் என்னிடம் வந்து கோப்பைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டக்கூடாதுதான், காட்டினேன். தட்டச்சர் அல்லவா, ஆங்கிலம் என்னைவிட நன்றாகத் தெரியும். என் குறிப்பை இரண்டு முறை வாசித்தார். "சார், நான் எழுதின பேப்பர்ல கேலிங்கற வார்த்தையே இல்லையே சார்" என்றார். குரலை உயர்த்தவில்லை. தாளைச் சரியாக மடித்து உள்ளே வைத்து, நாடாவைக் கட்டி, கோப்பை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். நாலு மாதத்தில் மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டு வேறு அலுவலகம் போய்விட்டார். வீட்டிலிருந்து போக வர அதிக தூரம். அந்த சூப்பிரண்டு முழு மரியாதையோடு, மாலை போட்டு, ஓய்வு பெற்றார். மாலைக்கு நானும் பணம் கொடுத்தேன்.

சட்டம் அப்போதும் இருந்தது என்பதுதான் வேதனை. 1860ஆம் வருடத்து இந்திய தண்டனைச் சட்டத்தில் 509ஆம் பிரிவு. பெண்ணின் மானத்துக்கு இழுக்கு ஏற்படுத்தும் எண்ணத்தோடு சொல் பேசுவதும் சைகை காட்டுவதும் குற்றம் என்று அதில் தெளிவாக இருந்தது. அதில் 'டீஸ்' இல்லை. அந்த மழுப்பலை வெள்ளைக்காரன் சட்டத்தில் வைக்கவில்லை, நாம்தான் பிறகு கண்டுபிடித்தோம்: 'ஈவ் டீசிங்'. இந்தியாவிலும் சுற்றியுள்ள நாடுகளிலும் மட்டும் வழங்கும் ஆங்கிலம் அது. இங்கிலாந்துக்காரனிடம் சொன்னால் முழிப்பான். ஈவ் என்றால் ஆதாமுக்குப் பழம் கொடுத்த ஏவாள். பழி முதல் பாதியிலேயே பெண்மேல் விழுந்துவிடுகிறது. மீதிப் பாதி, செய்தவனுக்குச் சமாதானம். இரண்டே சொல்லில் தீர்ப்பே எழுதியாகிவிட்டது.

1998இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி இப்படிப்பட்ட 'விளையாட்டில்' உயிரிழந்தாள். அதன் பிறகு தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. முதலில் அதன் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' இருந்தது. பிற்பாடு திருத்தி, ஹராஸ் என்ற சொல்லிலிருந்து வரும் பெயரை வைத்தார்கள். நான் அன்று எழுதப் பயந்த சொல்! 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், பஸ் நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களில் சாதாரண உடையில் பெண் போலீசாரை நிறுத்தும்படி எல்லா மாநிலங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் உத்தரவிட்டது. 2013இல் தண்டனைச் சட்டத்தில் 354ஏ சேர்ந்தது. அதே வருடம் பணியிடத்துக்கென்று தனிச் சட்டமும் வந்தது. இன்று அந்தப் பெண் அதே ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தால், விசாரிக்க ஒரு குழு இருக்கும். குமாஸ்தா அகராதி புரட்ட வேண்டியதில்லை.

பிரெஞ்சில் இன்று இதற்குச் சட்டச் சொல் 'ஆர்ஸ்லே' என்பதிலிருந்து வருகிறது. 'அராஸே'யும் இதுவும் பார்க்க ஒன்று போல இருக்கும், வேர் வேறு. இதன் வேர் 'எர்ஸ்'. உழுத வயலில் மண்கட்டியை உடைக்க இழுக்கும் பல் வைத்த சட்டம், நம் ஊர் பலுகு மாதிரி. மறுபடியும் பல்தான், மறுபடியும் கீறுவதுதான். சொற்களை உண்டாக்கிய கம்பளிக்காரனுக்கும் உழவனுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. கருவியைப் பிடித்திருக்கும் கைக்கு அது வெறும் வேலை. அடியில் கிடப்பதற்குத்தான் முள் தெரியும்.

கேலியே கூடாது என்று சொல்லவில்லை. மாமன் மச்சான் கேலி இல்லாத கல்யாண வீடு என்ன வீடு? ஆனால் அங்கே இன்று நான் உங்களைச் சொன்னால் நாளை நீங்கள் என்னைச் சொல்லலாம். சூப்பிரண்டைப் பார்த்து அந்தப் பெண் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்க முடியுமா? திருப்பிச் சொல்ல முடியாதவரிடம் பண்ணுவதற்குப் பெயர் கேலி அல்ல. அந்தப் பெண் சரியான பெயரைத்தான் எழுதியிருந்தார்.

பெஞ்சு நண்பரைத் தேடி நேற்று நானே அவர் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். மெஷின் மேசைமேல் டப்பாவில் கிடந்தது, காதில் இல்லை. "அது போட்டா இரைச்சலா இருக்குப்பா" என்றார். நான் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே கேட்க வேண்டியிருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டினார். வாசல்வரை வந்து, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

ஐந்தரைக்கு என்றேன்.